அன்னத்தின் உள்ளங்கையில் இருந்தவர்கள்

ஒத்தப்பனைக்குப் பிரியும் விலக்கில் நாலுவழிச்சாலையை ஒட்டி நிற்கும் ஆம்புலன்ஸில் வேலை பார்த்த அன்னலட்சுமியின் வலது உள்ளங்கையில் முதல் இருதயம் துடிக்கத் தொடங்கியது, அவள் பெட்ரோல் பங்கின் பின்பக்கக் குழாயில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த ஒரு மதியத்தில். நுரைக்குள் ஏதோ அசைந்தது. சோப்புக்கட்டி நழுவுகிறது என்று நினைத்தாள். சோப்பு குழாய்த் திட்டின்மேல் இருந்தது. கையை உதறினாள், உதறிய பிறகும் அது துடித்தது. இரண்டு துடிப்பு அவசரமாக, பிறகு ஒரு நொண்டல், மறுபடி இரண்டு துடிப்பு அவசரமாக, மாடிப்படியில் தடதடவென்று இறங்கும் பையன் கடைசிப் படியை மிதிக்காமல் தாண்டுவதுபோல.

யாருடையது என்று அவளுக்கு உடனே தெரிந்தது. சற்று முன்புதான் மாரீஸ்வரன் என்கிற பாலிடெக்னிக் பையனை லாரிக்கு அடியிலிருந்து எடுத்து, விலக்கிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் வரை அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே போய் இறக்கிவிட்டு வந்திருந்தாள்.

ஆம்புலன்ஸ் வேலையில் ஒரு முறை உண்டு. வண்டிக்குள் யாரும் சாவதில்லை. செத்தார் என்று சொல்லும் உரிமை டாக்டருக்கு மட்டும்தான். ஏற்றியவருக்கு மூச்சு நின்றாலும், நாடி நின்றாலும், அழுத்துகிற கைக்கு அடியிலேயே உடம்பு குளிர்ந்துகொண்டு போனாலும், ஆஸ்பத்திரி வாசல் வரை அவரை உயிருள்ளவராகத்தான் கொண்டுபோக வேண்டும், பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தாயோ மனைவியோ "இருக்கா, இருக்கா" என்று கேட்கக் கேட்க "வந்துட்டோம்மா, இந்தா வந்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டே. வாசலில் ஸ்ட்ரெச்சர் கைமாறும். கதவு சாத்தும். உள்ளே ஒரு டாக்டர் ஏதோ சொல்வார், அதைக் கேட்க அன்னம் அங்கே இருக்க மாட்டாள். வண்டியைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொண்டிருப்பாள், அல்லது அடுத்த அழைப்பு வந்து அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருப்பாள். அதனால் அவள் கைக்கு அடியில் முடிந்துபோனவர்கள் யாரும் அவள் அறியச் செத்ததில்லை. கை அதை அப்படியே நம்பிவிட்டது போலிருக்கிறது.

மாரீஸ்வரனுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டுச் சமையல்காரர் வந்தார், பெரிய அண்டாவை அடுப்பிலிருந்து இறக்குவதுபோல் நிதானித்து நிதானித்துத் துடிப்பவர். அப்புறம் ஒரு டீச்சர். அப்புறம் கிணற்றிலிருந்து எடுத்த ஒரு பிள்ளை, அது இடது கையின் சுண்டுவிரல் மேட்டில் சிட்டுக்குருவி அளவுக்குத் துடித்தது. மழைக்காலம் முடிவதற்குள் இரண்டு உள்ளங்கைகளிலும் ஒரு சின்னத் தெருவே குடியிருந்தது.

அன்னம் யாரிடமும் சொல்லவில்லை. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்தான். விலங்கியல் படித்துவிட்டு, பயிற்சி முடித்து, நீலச் சட்டை போட்டு வேலைக்குப் போன முதல் நாள், தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கும் அவள் அம்மா வேலம்மாள், சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத் தெருவையே திரும்பிப் பார்த்தாள். அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் அன்னத்துக்கு எப்போதும் உண்டு. கை நடுங்குகிறது என்று சொன்னால் கழற்றச் சொல்வார்கள். கையில் செத்தவர்கள் துடிக்கிறார்கள் என்று சொன்னால் என்ன சொல்வார்கள்? பயிற்சியில் ஒரு சார் சொல்லியிருந்தார், "பாக்குறதை எல்லாம் மனசுல வச்சுக்கக் கூடாது." வேறு எங்கே வைப்பது என்று அவர் சொல்லவில்லை, அன்னமும் கேட்கவில்லை.

ஆகவே அவள் படுக்கும்போது கைகளைத் துண்டில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்தாள், தலையணை துடித்தது. தண்ணீர் வாளியில் முக்கி வைத்தாள், வாளித் தண்ணீர் வட்டம் வட்டமாக விரிந்தது. சோற்றைப் பிசைந்தால் பருக்கைகள் இலையில் அசைந்தன, கரண்டியால் சாப்பிடப் பழகினாள். அம்மா தலைவலி என்று படுத்திருந்தபோது நெற்றியைத் தொடப் போய், தொடாமல் கையை இழுத்துக்கொண்டாள்.

ஆம்புலன்ஸ் ஆபீசிலிருந்து மாதம் ஒருமுறை ஒரு பெண் குரல் ஃபோனில் வரும், வேலை செய்கிறவர்களின் மனநிலையை விசாரிப்பதற்காகவே வைத்திருந்த குரல். "தூக்கம் எப்படி இருக்கு மேடம்? மனசு பாரமா இருக்கிறதுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?" அன்னம் பள்ளிக்கூடத்திலிருந்தே குறைவாக மார்க் வாங்கப் பயப்படுகிறவள், இந்த ஒரு பரீட்சையில் மட்டும் குறைவாக வாங்கினால்தான் தப்பிக்கலாம் என்று புரிந்துகொண்டு, "மூணு" என்றாள். "ரொம்ப நல்லது மேடம்" என்று சொல்லி அந்தக் குரல் போய்விட்டது.

வண்டி ஓட்டுகிற சிக்கந்தர் கவனித்திருந்தான். அவனை ஆபீசில் பைலட் என்பார்கள், அவன் ஏரோப்ளேன் ஓட்டுவதாக மாமியார் வீட்டில் சொல்லிப் பெண் கட்டியவன் என்று டீக்கடையில் கேலி செய்வார்கள். பின்னால் படுத்திருப்பவர்களைக் காட்டும் கண்ணாடியை அவன் எப்போதோ வானத்தைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டான்.

"தங்கச்சி, கையில என்ன? எப்பப் பாத்தாலும் கோழிக்குஞ்சைப் பிடிச்சிருக்கிற மாதிரி வச்சிருக்க."

"ஒண்ணுமில்லைண்ணே. வேர்க்குது."

"வேர்க்கட்டும். எனக்கும் ரயில்வே கேட் பக்கத்துல போறப்ப காது வேர்க்கும். காது எங்கயாவது வேர்க்குமா? எனக்கு வேர்க்கும்" என்று சொல்லிவிட்டு அவன் ஒரு கிராம்பை வாயில் போட்டுக்கொண்டான்.

விஷயம் வெளியே வந்தது மாரீஸ்வரனின் தாய் குருவம்மாளால். மழைக்காலம் முடிந்து, மகனுக்குத் திதி கொடுத்த மறுநாள் அவள் ஆம்புலன்ஸ் நிற்கும் பெட்ரோல் பங்குக்கு வந்தாள். கணவர் பெருமாள்சாமி, வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறவர், டிவிஎஸ் வண்டியில் கூட்டிவந்து புளியமரத்தடியில் நிறுத்திக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டார்.

"கடைசியா எதுவும் சொன்னானா தாயி?" என்று கேட்டாள் குருவம்மாள்.

அன்னத்துக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பேசுற நிலைமையில இல்லம்மா."

குருவம்மாள் தலையை ஆட்டினாள். மகனைக் கடைசியாகத் தொட்ட கைகள் இவைதானே என்று நினைத்தவள்போல் அன்னத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்தவள் அப்படியே நின்றாள். வலது கையை மட்டும் தூக்கித் தன் காதில் வைத்தாள். இரண்டு துடிப்பு அவசரமாக, பிறகு ஒரு நொண்டல்.

"ஏண்டா, இங்கயா இருக்க?" என்றாள், மேய்ச்சலில் தப்பிய ஆட்டுக்குட்டியைப் பக்கத்துக் காட்டில் கண்டவள் கேட்பதுபோல. "வயித்துக்குள்ள இருக்கும்போதே இவன் இப்படித்தான் தாயி. நர்சம்மா காதுல குழாயை வச்சுக் கேட்டுட்டு, என்ன இவன் நொண்டியடிக்கிறான்னு சிரிப்பா."

அன்றைக்கு மாலைக்குள் ஒத்தப்பனையைச் சுற்றியிருந்த எல்லா ஊர்களுக்கும் தெரிந்துவிட்டது. யாரும் ஆச்சரியப்படவில்லை. எங்கேதான் இருப்பார்கள் என்று இத்தனை நாள் தெரியாதிருந்தது, இப்போது தெரிந்துவிட்டது, அவ்வளவுதான் என்பதுபோல் சீவிச் சிங்காரித்துக்கொண்டு அன்னத்தின் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். அவள் விடுமுறை நாட்களில் வேலம்மாள் வாசலில் நின்று செருப்பைக் கழற்றச் சொன்னாள், நாற்காலி போட்டாள், உள்ளே போனவர்கள் அழுது நேரத்தை நீட்டினால் ஈயப் பாத்திரத்தை உருட்டிச் சத்தம் கொடுத்தாள். வந்தவர்கள் வாழைப்பழமும் சேமியாப் பாயசமும் கொண்டுவந்தார்கள். உள்ளங்கையில் எந்த இடத்தில் யார் என்று அவர்களே கண்டுபிடித்துக் காதை வைத்தார்கள், ஊர்க்கதை சொன்னார்கள், புது மருமகளைக் கூட்டிவந்து காட்டினார்கள், கிளம்பும்போது உள்ளங்கையைப் பார்த்து "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

காளியம்மன் கோயில் பூசாரியிடம் ஒரு கேள்வி போனது. செத்தவர்களைக் கையில் வைத்திருக்கிற பெண் கோயிலுக்குள் வரலாமா, தீட்டு இல்லையா? பூசாரி ஒரு வாரம் யோசித்துவிட்டு, துடிக்கிறது எதுவும் செத்தது இல்லை, தீட்டும் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். அதைக் கேட்ட சமையல்காரரின் மனைவி செண்பகம், அப்படியானால் நான் எதுக்கு மூளி நெத்தியோட திரியணும் என்று கேட்டுவிட்டு, சாந்துப்பொட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். டீச்சரின் மகன்கள் இரண்டு பேரும் வீட்டைப் பிரிப்பதில் சண்டை வந்து அம்மாவிடமே கேட்டுவிடலாம் என்று கிளம்பி வந்தார்கள், டீச்சர் உயிரோடு இருந்தபோது செய்ததைப் போலவே இரண்டு பேருக்கும் ஒரே மாதிரித் துடித்து ஒன்றும் சொல்லாமல் அனுப்பிவிட்டாள். குடித்துவிட்டுச் சாலையில் விழுந்து கிடந்து போய்ச்சேர்ந்த ஒருவனின் மனைவி, வாரம் தவறாமல் வந்து அன்னத்தின் கையை மடியில் வைத்துக்கொண்டு திட்டினாள். "நான் வாயைத் திறந்தாலே துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு எந்திரிச்சுப் போவியே. இப்பப் போ பாப்போம்! எங்கடா போவ?"

மற்ற ஆம்புலன்ஸ்காரர்களும் வந்தார்கள், வீட்டுக்கு வராமல் பங்குக்கு, டீசல் போடுகிற சாக்கில். மலையடிவாரத்து வண்டியில் இருந்த ஒருவர் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். ஒரு பெண்குழந்தை தலைசாய்த்திருந்த தோள்பட்டை, எத்தனையோ காலமாகியும் அந்த இடம் மட்டும் காய்ச்சல்போலச் சுட்டது. பட்டாசு ஆலைப் பக்கத்திலிருந்து வந்த பெண், "எனக்கு வாசனை. மல்லிகைப்பூவை மோந்தாலும் மருந்து வாசனைதான்" என்றாள். "ஆபீசு ஃபோனுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று அன்னம் கேட்டாள். "மூணுதான்" என்றார் மலையடிவாரத்துக்காரர். "நான் ரெண்டு" என்றாள் அந்தப் பெண். சிக்கந்தர் தூரத்தில் வண்டிச் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே, "நான் சைபர்" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள், பிறகு அவரவர் வண்டியில் ஏறிப் போனார்கள்.

அன்னத்துக்கு மட்டும் ஒரு விஷயம் யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தது. அவளால் நாடி பார்க்க முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த ஒரு சிறுமியின் மணிக்கட்டைத் தொட்டபோதுதான் முதலில் தெரிந்தது. விரலுக்கு அடியில் ஒரு நாடியைத் தேடினால் ஒரு சந்தையே கேட்டது. சமையல்காரர், டீச்சர், குடிகாரர், கிணற்றுப்பிள்ளை, எல்லோருக்கும் முன்னால் நொண்டியடித்துக்கொண்டு மாரீஸ்வரன். இதில் அந்தச் சிறுமி எங்கே? அன்னம் விரலில் மாட்டுகிற கருவியை மாட்டினாள், அது எண்ணைக் காட்டியது, சிறுமி பிழைத்தாள். அன்றிலிருந்து விரலை நம்பாமல் கருவியை நம்பினாள். ஆனால் கருவி எல்லா நேரத்திலும் பேசாது. குளிர்ந்த விரலில் பேசாது, மேடுபள்ளத்தில் வண்டி குலுங்கினால் பேசாது. ஒவ்வொரு அழைப்புக்கும் போகும்போது, இன்றைக்குக் கருவி பேசாமல் போய்விடுமோ என்று அதைத் தன் விரலில் மாட்டி மாட்டிப் பார்த்தாள். இருக்கிற உயிரை இல்லை என்று நினைத்துவிட்டால்? இல்லாததை இருக்கிறது என்று நினைத்துவிட்டால்?

அப்படி ஒரு நாள் வந்தது. கிழக்குத் தெருவில் நெஞ்சுவலி என்று காலையில் அழைப்பு. போய்ப் பார்த்தால் பெருமாள்சாமி, பாதி வெள்ளையடித்த ஒரு வீட்டு வாசலில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாரந்தோறும் குருவம்மாளை அன்னத்தின் வீட்டு முக்கில் இறக்கிவிட்டு அங்கேயும் ஒரு புளியமரத்தடியில் நின்றாரே தவிர, ஒரு தடவைகூட உள்ளே வந்து மகனைக் கேட்டவரில்லை அவர். "போனவன் போனவன்தான்" என்பார். அதற்கு மேல் கேட்டால் டிவிஎஸ்ஸின் காற்றைப் பார்க்கக் குனிந்துவிடுவார். குருவம்மாள் ஓடிவந்து வண்டியில் ஏறிக்கொண்டாள். சிக்கந்தர் சைரனைப் போட்டான்.

கண்மாய்க் கரைத் திருப்பத்தில் பெருமாள்சாமியின் கண்கள் செருகின. ஒரு தடவை குறட்டைபோல் மூச்சை இழுத்தார். அன்னம் கருவியை அவர் விரலில் மாட்டினாள். விரலெல்லாம் காய்ந்த சுண்ணாம்பு, நகத்துக்கு மேலே ஓடுபோல. கருவி கோடு கோடாகக் காட்டியது, எண் வரவில்லை. துடைத்து மாட்டினாள், வரவில்லை. அதற்குமேல் காத்திருக்க நேரமில்லை. இரண்டு விரலை அவர் கழுத்தின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினாள்.

துடிப்பு இருந்தது. நன்றாக, பலமாக இருந்தது.

"இருக்கு" என்றாள் அன்னம். "நாடி இருக்கும்மா, பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே, விரலை எடுக்காமல், மறு கையால் ஆக்சிஜன் குழாயை இழுத்தாள்.

குருவம்மாளும் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்தக் கையைப் பிடித்துப் பழகிய பழக்கமாக இருக்க வேண்டும். இருக்கையிலிருந்து சரிந்து வந்து, கணவரின் கழுத்தில் இருந்த அன்னத்தின் கையின்மேல் தன் கையை வைத்தாள். வைத்தவள் முகம் மாறியது.

"கையை எடு!" என்று கத்தினாள். "அது அவரு இல்ல தாயி! அது எம்புள்ள! நொண்டுறான் பாரு, அது எம்புள்ள!"

அன்னம் கையை எடுத்தாள். காற்றில் நின்ற விரல்களில் துடிப்பு அப்படியே இருந்தது. இரண்டு அவசரமாக, ஒரு நொண்டல்.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை, பயிற்சி யோசித்தது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கத்தினாள். நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் கோத்து வைத்து, உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கி அழுத்தினாள். மின்னதிர்ச்சி கொடுக்கிற பெட்டியைத் திறந்து பட்டைகளை ஒட்டினாள். "யாரும் தொடாதீங்க!" பெருமாள்சாமியின் உடம்பு ஒருமுறை தூக்கிப்போட்டது. மறுபடி அழுத்தினாள். சட்டையில் ஒட்டியிருந்த சுண்ணாம்புத் தூள் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் புகைபோல் எழும்பியது. ஒரு கட்டத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்தினாள். விரலைக் கழுத்துக்குக் கொண்டுபோய், வைக்காமல் பின்னால் இழுத்தாள்.

"யம்மா, நீங்க பாருங்க. இந்த இடம். ரெண்டு விரல். என் கை ஆகாது."

குருவம்மாள் சேலையில் விரலைத் துடைத்துக்கொண்டு, கணவரின் கழுத்தைத் தொட்டாள். சிக்கந்தர் வண்டிக்கு வெளியே கதவைப் பிடித்தபடி நின்றான். தாண்டிப்போன பஸ்ஸின் காற்றில் வண்டி லேசாக ஆடியது.

"இருக்கு" என்றாள் குருவம்மாள். "இது அவரு. மெதுவா, பக்கத்துல யாரு இருக்கான்னு பாக்காம நடக்கிற ஆளு. இது அவரேதான்."

பெருமாள்சாமி பிழைத்தார்.

அன்னம் அன்றைக்கே ஆபீசுக்குப் போய் மேற்பார்வையாளரிடம் சொன்னாள். "என்னால நாடி பாக்க முடியல சார்." அவர் அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கெட்டவர் இல்லை. "படபடப்புன்னு எழுதி லீவு வாங்கிக்கோம்மா. கையைப் பத்தி எதுவும் எழுதாதே. எழுதினா எனக்கு மேல இருக்கிறவருக்குப் புரியாது, உனக்குத்தான் கஷ்டம்." லீவு கிடைத்தது.

லீவு என்று கேள்விப்பட்டதும் ஊர்களெல்லாம் சந்தோஷப்பட்டன. இனிமேல் எந்த நாளும் வரலாம், அவசரமில்லாமல் உட்காரலாம். மறுநாளே வாசலில் கூட்டம். அன்னம் உள்ளறையில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொருவராக வந்து அவள் கையை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்கள், உடம்பை விட்டுவிட்டுக் கையை மட்டும் எடுத்துக்கொண்டு போவதுபோலவே இருந்தது. மாலையில் அவள் அம்மாவிடம், "இந்தக் கையை வெட்டிக் கொடுத்துட்டா விட்டுருவாங்களா?" என்று கேட்டாள். மெதுவாகத்தான் கேட்டாள். வேலம்மாள் உருட்டிக்கொண்டிருந்த ஈயப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, அன்றிரவே குருவம்மாள் வீட்டுக்கு நடந்து போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் குருவம்மாள் வந்தாள். வழக்கம்போல் செருப்பைக் கழற்றி உள்ளே போகாமல், வாசல்படியில் குறுக்கே நின்றுகொண்டாள். பின்னால் பெருமாள்சாமி, சவரம் செய்யாத முகத்தோடு, முதல் தடவையாகப் புளியமரத்தைத் தாண்டி வந்திருந்தார்.

"இன்னைக்கு யாரும் கேக்க வேணாம்" என்றாள் குருவம்மாள். "நம்ம வீட்டு ஆம்பளைக பாடையைத் தூக்கிட்டு வந்தா வாசல்லயே தண்ணி ஊத்திக் குளிப்பாட்டி உள்ள விடுறோம். ஒரே ஒரு தடவை தூக்கினவனுக்கே அப்படி. இந்தப் புள்ள நம்ம எல்லாத்தையும் தூக்கிச்சே, இதுக்கு யாரு ஊத்தினோம்?"

வாரம் தவறாமல் புருஷனைத் திட்ட வருகிறவள், "அப்ப நான் யாரைப் போய்த் திட்டுறது?" என்றாள்.

"திட்டுனது போதும்டி. அந்த மனுசனுக்கே அலுத்திருக்கும்."

செண்பகம் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "நான் மறுபடியும் அழிக்கணுமா மதினி?"

"பொட்டை யாரு கேட்டா? அது உன் நெத்தி, வச்சுக்க. ஆளை விடு."

"உனக்கு உன் வீட்டுக்காரரு பிழைச்சு வந்துட்டாரு, நீ பேசுவ" என்றார் கூட்டத்தில் ஒருவர், கிணற்றுப்பிள்ளையின் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை.

குருவம்மாள் அவரைப் பார்த்தாள். "அதுக்குத்தான்யா பேசுறேன். எம்புள்ளை துடிப்பை அவரு கழுத்துல கேட்டுட்டு, உசுரு இருக்குன்னு இந்தப் புள்ளை நம்பிருச்சு. நாளைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளை கழுத்துல உம்பிள்ளையைக் கேட்டா என்ன செய்யும்? எல்லாம் நம்ம பிள்ளைகதான். ஆனா நிக்கிற எடம் சரியில்லையே."

அந்த மனிதர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். முதலில் தண்ணீர் மொண்டவரும் அவர்தான்.

அன்னத்தைக் கொல்லைப்புறத்தில், வாழைத்தூருக்குப் பக்கத்தில், ஒரு பலகையில் உட்காரவைத்துக் கைகளை நீட்டச் சொன்னார்கள். ஒவ்வொரு வீடாக வந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றியது. ஊற்றும்போது அந்த வீட்டுத் துடிப்பு உள்ளங்கையின் நடுவிலிருந்து கிளம்பி, விரல்களின் வழியே நடந்து, நகத்து நுனியில் கொஞ்சம் நின்று, தண்ணீரோடு இறங்கியது. இறங்கிய இடத்தில் ஈரமண் கொஞ்சநேரம் மூச்சு வாங்குவதுபோல் ஏறி இறங்கிவிட்டு அடங்கியது. ஊற்றியவர்கள் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, துக்கவீட்டிலிருந்து போவதுபோல, போய்வருகிறேன் என்று சொல்லாமல், திரும்பிப் பார்க்காமல் போனார்கள். செண்பகம் பொட்டோடு போனாள். டீச்சரின் மகன்கள் இரண்டு பேரும் ஒரே செம்பை ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஊற்றினார்கள்.

கடைசியாகக் குருவம்மாள் செம்பை எடுத்தாள். வாளியில் மொண்டாள். திரும்பி வாளியிலேயே ஊற்றினாள். மறுபடி மொண்டாள். "அவளால ஆகாது" என்று சொல்லிப் பெருமாள்சாமி செம்பை வாங்கிக்கொண்டார். அன்னத்துக்கு எதிரே சிரமப்பட்டுக் குத்தவைத்தார். ஊற்றப்போனவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவள் வலது கையை எடுத்து, சுண்ணாம்பு ஏறிய தன் காதில் வைத்துக்கொண்டார்.

வாழையிலையின் நிழல் அவர் முதுகிலிருந்து தோளுக்கு நகர்ந்தது.

"கடைசிப் படியைத் தாண்டாதடா, விழுவன்னு எத்தனை தரம் சொல்லியிருப்பேன்" என்றார். பிறகு ஊற்றினார்.

எல்லோரும் போன பிறகு அன்னம் எழுந்து கையைத் துடைத்தாள். கை அவளுடையதுபோலவே இல்லை, அவ்வளவு லேசாக இருந்தது. அப்போதுதான் அது கேட்டது. இத்தனை நாள் இரைச்சலுக்குள் கேட்காதிருந்த ஒன்று, இடது கையின் மணிக்கட்டுக்குக் கீழே, தூரத்து ஊரில் யாரோ ஒற்றை ஆளாகக் கடப்பாரை போடுவதுபோல, ஒவ்வொன்றாக. பச்சைச் சட்டை போட்ட ஒரு வழிப்போக்கர், நாலுவழிச்சாலையின் நடுத்திட்டில் அரளிச்செடிகளுக்கு இடையில் கிடந்தவர். பேர் தெரியாது, ஊர் தெரியாது. தேடி யாரும் வரவில்லை.

"நாம ஊத்திரலாமா?" என்றாள் வேலம்மாள்.

"அவருக்கு நாம யாரும்மா?" என்றாள் அன்னம். "அவங்க ஆளுக என்னைக்காவது வந்து கேட்டா என்ன சொல்றது?"

அவர் இருந்துகொண்டார்.

லீவு முடிந்து அவள் வேலைக்குப் போனாள். அந்த மாதம் ஃபோனில் வந்த குரல் மார்க் கேட்டபோது, "ஏழு" என்றாள். "மேடம், நான் எழுதிக்கிட்டிருந்ததை நிறுத்திட்டேன், சொல்லுங்க" என்றது குரல். சிக்கந்தர் வண்டிக்கு வெளியே போய் நின்றுகொண்டான், அவள் பேசி முடிக்கும்வரை யாரையும் பக்கத்தில் விடவில்லை. முடித்து வந்தவளிடம், "இப்ப எத்தனை பேரு இருக்காங்க தங்கச்சி?" என்று கேட்டான்.

"ஒருத்தர்."

"ஒருத்தருன்னா சமாளிச்சிரலாம். ஆளு எப்படி?"

"அமைதியானவரு."

"எனக்கு ஒரு நம்பர் கொடு, அந்த ஃபோனுக்காரம்மா நம்பர்" என்றான், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அந்தச் சமயத்தில்தான் அழைப்பு வந்தது. செங்கல் சூளையில் ஒரு பெண் மயங்கி விழுந்துவிட்டாள். போய்ச் சேர்ந்தபோது சூளைக்காரர்கள் வட்டமாக நின்றார்கள், அவளுடைய கணவன் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "தூங்குறாளா, தூங்குறாளா" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் விரலெல்லாம் செம்மண். அன்னம் கருவியை எடுக்கவில்லை. மண்டிபோட்டு, இரண்டு விரலை அவள் கழுத்தில் வைத்தாள்.

கடப்பாரை விழுந்தது. ஒன்று. இன்னொன்று. அன்னம் கண்ணை மூடிக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள். "ஐயா, கொஞ்சம் நில்லுங்க."

பச்சைச் சட்டைக்காரர் நின்றார். அந்த நிசப்தத்துக்குள் அவள் விரல் இறங்கிப் போனது. தோலுக்கு அடியில், சதைக்கு அடியில், யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தது. ஒன்றும் இல்லை. சந்தேகமே இல்லாமல் ஒன்றும் இல்லை. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது.

"பெட்டியை எடுத்துட்டு வாங்கண்ணே!" என்று கத்திக்கொண்டே கணவனின் மடியிலிருந்து அந்தத் தலையை மெல்ல இறக்கித் தரையில் கிடத்தினாள். கைகளைக் கோத்து நெஞ்சின் நடுவில் வைத்தாள். அழுத்தத் தொடங்கினாள். கொஞ்சநேரம் அவள் மட்டும் அழுத்தினாள். பிறகு மணிக்கட்டுக்குக் கீழே, தயங்கித் தயங்கி, அந்த மனிதரும் அவளோடு சேர்ந்து கடப்பாரை போடத் தொடங்கினார்.